வேலை முடிந்த பின் ஒரு மணிநேரம்: போர் அறுத்த தொழில் தொடர்புகளை மீளக் கட்டுவது எப்படி?

கிளிநொச்சியில் ஒருவர் புதிதாகக் கடை கட்டுகிறார். அலுமினிய வேலை செய்பவர், வயரிங் செய்பவர், கணக்கு எழுதுபவர் எல்லோரும் அதே ஊரில் இருக்கக்கூடும். ஆனாலும் வேலை வெளியூர் நிறுவனத்துக்குப் போய்விடுவதுண்டு. எம்மவரிடம் திறமை இல்லாததால் அல்ல, ஒருவரை ஒருவர் தெரியாததால்.

இதற்குப் பல நாடுகளில் ஓர் எளிய வழி உண்டு. கடைகளும் அலுவலகங்களும் பூட்டிய பின், வெவ்வேறு தொழில் செய்வோர் மாதம் ஒரு மாலை ஓரிடத்தில் கூடுகிறார்கள். அமெரிக்காவில் உள்ளூர் வர்த்தக சங்கங்களே இதை நடத்துகின்றன. அங்கு எவரும் பொருள் விற்பதில்லை. தான் என்ன செய்கிறேன், என்ன தேவை என்று சொல்லி அறிமுகமாகிப் பிரிகிறார்கள்.

இது ஏன் பலன் தருகிறது? சமூகவியலாளர் மார்க் கிரனோவெற்றர் 1973இல் வெளியிட்ட கட்டுரை இதை விளக்குகிறது. பொஸ்ரன் நகருக்கு அருகே, தெரிந்தவர் மூலம் புதிய வேலை பெற்றவர்களிடம், அந்த நபரை எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்று அவர் கேட்டார். அடிக்கடி சந்தித்ததாகச் சொன்னவர்கள் 16.7 வீதம் மட்டுமே. எப்போதாவது என்றவர்கள் 55.6 வீதம், மிக அரிதாக என்றவர்கள் 27.8 வீதம். உறவினருக்கும் நெருங்கிய நண்பருக்கும் தெரிந்தது பெரும்பாலும் எமக்கும் தெரிந்திருக்கும். புதிய செய்தி தூரத்து அறிமுகத்திடம் இருந்தே வருகிறது.

போர் எம்மிடம் அறுத்தது இந்தத் தூரத்து அறிமுகங்களைத்தான். 1983 ஜூலையில் கொழும்புக் கடைகள் எரிந்தன. 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. 2006 ஓகஸ்ற்றில் ஏ-9 வீதி மூடப்பட்டது. 2009இல் வன்னி மக்கள் எல்லாவற்றையும் இழந்து முகாம்களுக்குள் போனார்கள். உறவுகள் எப்படியோ ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டார்கள். ஆனால் கடனுக்குச் சாமான் தந்த மொத்த வியாபாரியும், வேலை பிடித்துத் தந்த மேசனும் திரும்பக் கிடைக்கவில்லை.

கூட்டம் என்றாலே யார் வருகிறார்கள், யார் பெயர் எழுதுகிறார்கள் என்று யோசித்துப் பழகியவர்கள் நாம். அந்தத் தயக்கம் நியாயமானது. ஆகவே சிறிதாகத் தொடங்குவதே நல்லது.

பத்துப் பேர் போதும். ஒரே தொழிலில் பலர் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டுறவுச் சங்க மண்டபம் போன்ற பொது இடத்தில், தேநீருடன் ஒரு மணிநேரம் கூடுங்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசட்டும். சந்தித்தவருக்கு இரண்டு நாட்களுக்குள் ஓர் அழைப்பு எடுங்கள். அதைச் செய்யாவிட்டால் வாங்கிய விசிட்டிங் காட் மேசை லாச்சியிலேயே கிடக்கும்.

இரண்டு விடயங்களில் கவனம் தேவை. முதலாவது, சீட்டு, கடன், ஆள் சேர்த்தால் பணம் என்ற திட்டங்களுக்கு அங்கே இடம் கொடுக்கக்கூடாது. நுண்கடனில் எரிந்த கைகள் இங்கே ஏராளம். இரண்டாவது, நேரம். குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் பலர் தையல், உணவு உற்பத்தி, கோழி வளர்ப்பு என்று தொழில் செய்கிறார்கள். இரவு ஏழு மணிக் கூட்டத்துக்கு அவர்களால் வர இயலாது. கடைசி பஸ்ஸுக்கு முன் முடியும்படி, ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்கு வைத்தால் வருவார்கள்.

வெளியில் இருந்து முதலீடு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த தெருவில் யார் என்ன தொழில் செய்கிறார் என்று அறிவதற்கு ஒரு மணிநேரம் போதும்.