கணக்கு அவள் பேரில்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கும் நாட்களில்தான் கல்லூரியும் திறக்கிறது. அருவிக்குப் போகும் கூட்டத்துக்கு நடுவே, ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரிக்கு வரும் முதலாமாண்டுப் பிள்ளைகளை எளிதில் அடையாளம் காணலாம். பக்கத்தில் அப்பாவோ அம்மாவோ ஃபைலைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். 1964-இல் தொடங்கி, குற்றாலநாதர் கோயில் நிர்வாகத்தில் அரசு உதவியோடு நடக்கும் கல்லூரி இது. கடையம், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளிலிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

அந்த ஃபைல் எப்போது பிள்ளையின் கைக்கு மாற வேண்டும்? முதல் நாளே என்பேன்.

பள்ளியில் ஆசிரியர் துரத்தித் துரத்தி வேலை வாங்குவார். கல்லூரியில் அப்படி இல்லை. வருகைப்பதிவு பொதுவாக 75 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் தேர்வு எழுதுவதே சிக்கலாகிவிடும். அரியர் விழுந்தால், திரும்ப எழுதப் பணம் கட்டும் கடைசித் தேதியை அறிவிப்புப் பலகையில் அவளேதான் பார்த்து வைக்க வேண்டும்.

அடுத்தது பணம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு, 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் பிறகு சேர்க்கப்பட்டார்கள். பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. பணம் மாணவியின் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது. இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆனால் பல வீடுகளில் அந்தக் கணக்கோடு இணைந்திருப்பது அண்ணனின் செல்போன் எண். ஓடிபி அவனுக்குப் போகிறது, ஏடிஎம் அட்டை அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது. கணக்கு அவள் பேரில் இருந்தும், எவ்வளவு இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. முதலில் எண்ணை மாற்றுங்கள். பீடிக்கூலியில் ஓடும் வீட்டில் 1,000 ரூபாய் பெரிய தொகைதான். அதிலிருந்து வீட்டுக்குக் கொடுப்பதில் தவறே இல்லை. தேர்வுக் கட்டணத்துக்கு எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை அவள் கையால் எடுத்துக் கொடுக்கட்டும்.

பஸ்ஸும் அப்படித்தான். 2021 மே முதல் சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதை விட்டுவிட்டு வெளியூர் போகும் பஸ்ஸில் ஏறினால் காசு கொடுக்க வேண்டும். எத்தனை மணிக்கு எழுந்தால் டவுன் பஸ்ஸைப் பிடிக்கலாம் என்ற கணக்கை அம்மா போடக்கூடாது.

ஆதாரில் ஒரு எழுத்து, பாஸ்புக்கில் வேறு எழுத்து என்று பெயர் மாறியிருந்தால் உதவித்தொகை நின்றுபோகலாம். அப்போது பதறிக்கொண்டு நீங்கள் வங்கிக்கு ஓடாதீர்கள். முதல் முறை வேண்டுமானால் கூடப் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள். படிவத்தை அவள் நிரப்பட்டும், கவுண்டரில் அவள் பேசட்டும். அடுத்த முறை வீட்டிலேயே இருந்துகொண்டு, அவள் திரும்பி வந்ததும், "ஏட்டி, போன காரியம் முடிஞ்சுதா?" என்று கேட்டால் போதும். முடியவில்லை என்றால், திங்கட்கிழமை அவளே இன்னொரு நடை போய்வருவாள்.