எடைக்குப் போடும் முன் ஒரு நிமிஷம்: பழைய ஸ்பீக்கர் பெட்டிக்கு 'பேட்டரி' சோதனை

காரைக்கால்:-

பட்டினச்சேரி போன்ற கடலோர ஊர்களில் 1980, 90-களில் வாங்கிய இடுப்பு உயர ஸ்பீக்கர் பெட்டிகள் சில வீடுகளில் இன்னும் நிற்கின்றன. 1970-ல் கொல்கத்தாவில் தொடங்கப்பட்ட சோனோடைன் கம்பெனி பெட்டி முதல் சபுராளிகள் கொண்டு வந்த செட் வரை இதில் அடக்கம்.

பெட்டி பெரிசு, அதனால்தான் 'தும் தும்' சத்தம் கனமா கேக்குது என்பது வைத்திருப்பவர்கள் கட்சி. இடத்தை அடைக்குது, கொரகொரன்னு இரையுது என்பது வீட்டில் உள்ளவர்கள் கட்சி.

கொரகொரப்பு ஏன்?

பேப்பர் கூம்பைச் சுற்றியுள்ள பஞ்சு வளையம் 10, 15 வருஷத்தில் மாவாக உதிர்ந்துவிடும். ஈரக்காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். ரப்பர் வளையம் என்றால் கூடுதல் நாள் தாங்கும். உப்புக்காற்றில் ஒயர் மாட்டும் முனை துருப்பிடித்தாலும் சத்தம் விட்டு விட்டு வரும்.

சோதிப்பது எப்படி?

முதலில் ஆம்ப்ளிபயர் ஒயரைக் கழற்றுங்கள். துருவை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியின் இரு முனையையும் ஒரு நொடி தொட வையுங்கள். 'தட்' என்று கேட்டு பேப்பர் அசைந்தால் பெரிய ஸ்பீக்கரின் காயிலுக்கு உயிர் இருக்கிறது.

அடுத்து பேப்பரை இரு கைவிரல்களாலும் சமமாக, மெதுவாக அமுக்குங்கள். உரசாமல் போய் வந்தால் பஞ்சு வளையத்தை மட்டும் மாற்றினால் போதும். உரசினாலோ, 'தட்' சத்தமே வராவிட்டாலோ காயில் வேலை இருக்கிறது, செலவு கூடும்.

எதுவானாலும் மெக்கானிக்கிடம் கூலியைக் கேட்டுவிட்டு, பிறகு காயலான் கடைக்குப் போவதே லாபம்.