கைக்கொரு தாளம்



மேலை நாட்டுப் பியானோ இசையில் நெடுங்காலமாக ஒரு வழக்கம் இருந்து வந்தது. எண்ணிக்கை மூன்றோ நான்கோ எதுவாயினும், இரு கைகளும் பெரும்பாலும் அந்த ஒரே தாளத்துக்குக் கட்டுப்படும். கைக்கொரு தாளம் போடுவது ஒருவரால் இயலுமா? இருபதாம் நூற்றாண்டின் இசையமைப்பாளர்கள் சிலர் இக்கேள்விக்கு விடை தேடினர்.

அமெரிக்காவில் 1912இல் பிறந்து, 1940இல் மெக்சிகோவுக்குக் குடிபெயர்ந்தவர் கான்லன் நான்காரோ. தாம் எண்ணிய சிக்கலான தாளங்களை வாசிக்கத் தக்க கலைஞர்கள் கிட்டாமையால், அவர் இயந்திரத்தை நாடினார். காகிதச் சுருளில் துளையிட்டால், அத்துளைகளின்படி தானே ஒலிக்கும் பியானோ அது. பல வேகங்களை ஒரே நேரத்தில் அதில் ஓடவிட்டார்.

ஸ்டீவ் ரைஷ் 1967இல் வேறொரு வழியைக் கண்டார். இரண்டு பியானோக்கள் பன்னிரண்டு சுரங்கள் கொண்ட ஒரே வரிசையைத் திரும்பத் திரும்ப வாசிக்கத் தொடங்கும். ஒருவர் வேகம் மாறாமல் வாசிக்க, மற்றவர் சிறிது சிறிதாக விரைந்து ஒரு சுரம் முந்துவார். இப்படிப் பன்னிரண்டு முறை முந்தியதும் இருவரும் மீண்டும் ஒன்றுகூடுவர்.

இனி ஹங்கேரிய இசையமைப்பாளர் ஜியார்ஜி லிகெட்டியைப் பார்ப்போம். இவர் 1985 முதல் 2001 வரை பதினெட்டுப் பியானோப் பயிற்சிகளை இயற்றினார். நான்காரோவின் இசையும் மத்திய ஆப்பிரிக்க மக்களின் தாள முறையும் இவருக்குத் தூண்டுதலாயின. முதற்பயிற்சியின் பெயர் 'ஒழுங்கின்மை' எனப் பொருள்படும். அதில் வலக்கைக்கு வெள்ளைக் கட்டைகள். இடக்கைக்குக் கறுப்புக் கட்டைகள். 'தகிட தகதகிட' என்று சொல்லிப் பாருங்கள். மூன்றும் ஐந்தும் சேர்ந்து எட்டு. அவ்வாறே இரு கைகளும் எட்டெட்டாகத் தொடங்குகின்றன. நான்காவது சுற்றில் வலக்கை மட்டும் ஏழோடு நிறுத்திக்கொண்டு அடுத்த சுற்றுக்குத் தாவுகிறது. அக்கணம் முதல் இரு கைகளின் அழுத்தங்களும் விலகத் தொடங்குகின்றன. நான்கு நான்கு சுற்றாக அந்த இடைவெளி வளர்கிறது. சிறிது நேரத்தில், கேட்பவர்க்கு எல்லாம் குழம்பிவிட்டதாகத் தோன்றுகிறது.

வாசிப்பவர் இதை எப்படிச் சமாளிக்கிறார்? இரு கைகளுக்கும் அடியில் மிகச் சிறிய, மாறாத ஒரு துடிப்பு விரைந்து ஓடிக்கொண்டிருக்கிறது. அதை விடாமல் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு கையும் எங்கே அழுத்த வேண்டுமோ அங்கே அழுத்துகிறார். துடிப்பு ஒன்று, அழுத்தம் இரண்டு. நான்காரோ இயந்திரத்திடம் ஒப்படைத்த வேலை, இவ்வாறு மனிதனின் பத்து விரல்களுக்கே திரும்பி வந்தது.

ஆகவே, இத்தகைய இசை காதில் விழும்போது, 'தாளம் தப்பிய வாசிப்பு' என்று ஒதுக்கிவிட வேண்டா. முதலில் ஒரு கையை மட்டும் பின்தொடர்ந்து எண்ணுவோம். பிறகு மற்றதை எண்ணுவோம். இரண்டும் தத்தம் கணக்கில் சிறிதும் பிசகாமல் செல்வது புலப்படும். குழப்பமாக நாம் கேட்டது, இரண்டு ஒழுங்குகள் ஒருங்கே நடந்ததன் ஒலிதான்.