ஓ.டி.பி. சொல்வதற்கு முன்

"ஃபீஸ் மொத்தமா கட்ட வேண்டாம் சார், மாசத் தவணைதான். இப்ப ஒரு ஓ.டி.பி. வரும், சொல்லுங்க."

ஆன்லைன் கணினிப் பயிற்சியை விற்பவர்கள் பேசும் பேச்சு இது. அந்த எண்ணைச் சொன்னால், பிள்ளை பயிற்சியில் சேர்வதோடு, ஏதோ ஒரு நிதி நிறுவனத்தில் உங்கள் பேரில் கடனும் விழலாம். பிள்ளை பாதியில் நின்றாலும் தவணை நிற்காது. கட்டாமல் விட்டால் சிபில் ஸ்கோர் விழும்.

ஹாஸ்டல், பஸ், சாப்பாட்டுச் செலவு இல்லாததால் ஆன்லைன் மலிவு என்று நினைக்கிறோம். ஆனால் கட்டணத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். நேரில் கற்றுத்தரும் வெல்டிங் பட்டறையில் ஒவ்வொரு மாணவனுக்கும் ராடும் தகடும் மின்சாரமும் செலவாகும். ராடு பிடித்த கையைத் திருத்த ஆசிரியர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அந்தக் கட்டணத்தில் நியாயம் இருக்கிறது. ஒருமுறை பதிவு செய்த வீடியோவை ஆயிரமாவது மாணவனுக்குக் காட்ட அப்படியென்ன செலவு? நேரடியாகச் சந்தேகம் தீர்க்க ஆள் இல்லாத பயிற்சிக்கு லட்சக்கணக்கில் கொடுப்பது வீண் என்பேன். ஐ.ஐ.டி.க்களின் என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகவே படிக்கலாம். சான்றிதழ் தேர்வுக்குத்தான் கட்டணம்.

ஏற்கெனவே ஓ.டி.பி. சொல்லிக் கடன் விழுந்துவிட்டதா? டிஜிட்டல் கடன் தருபவர், மொத்த வட்டியும் செலவும் காட்டும் முக்கிய விவரத் தாளைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. குறைந்தது ஒரு நாள் அவகாசமும் உண்டு. அதற்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டி, அபராதமில்லாமல் கடனிலிருந்து வெளியேறலாம்.

அந்த அவகாசம் தாண்டிவிட்டால் தவணையைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். பயிற்சி நிறுவனத்துக்கும் கடன் தந்தவருக்கும் மின்னஞ்சலில் புகார் எழுதுங்கள். விளம்பரம், வாட்ஸ்அப் உரையாடல், ரசீது எதையும் அழிக்காதீர்கள். கடன் தந்தவர் 30 நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். பயிற்சி நிறுவனத்தின் மேல் புகார் சொல்ல, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

"நாங்கள் கல்வி நிறுவனம், நுகர்வோர் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது" என்பார்கள். கோச்சிங் நிலையங்கள் அச்சட்டத்துக்குள் வரும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-ல் தீர்ப்பளித்திருக்கிறது. பயிற்சி நிறுவனத்தின் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு கெடு. கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது.