கொடுக்கவைக்கும் கணக்கு

பெரிய கோப்பு ஒன்றை ஒரே சர்வரில் வைத்தால், கேட்டு வருகிறவர்கள் கூடக் கூட அது திணறும். 2001-இல் பிராம் கோஹன் என்ற அமெரிக்க நிரலாளர் பைத்தானில் எழுதி வெளியிட்ட பிட்டொரன்ட், டவுன்லோடு செய்கிறவர்களையே பிறருக்கும் அனுப்பவைத்தது. யோசனை எளிது. ஆனால் முகம் தெரியாத ஒருவர் எதற்காகத் தன் இணைய வேகத்தை இன்னொருவருக்குத் தரவேண்டும்? இத்தகைய மென்பொருளை எழுதுகிறவருக்கு உண்மையான தலைவலி இதுதான்.

கோஹனின் பதில், மொய் நோட்டு. யார் நமக்கு வேகமாக அனுப்புகிறார்கள் என்று நிரல் 10 விநாடிக்கு ஒருமுறை பார்க்கும். வழக்கமாக நாலு பேருக்குத்தான் திருப்பி அனுப்பும். போன வருஷத்து மொய் செல்லாது, கடைசி 20 விநாடியில் வந்ததே கணக்கு. அப்படியானால் கையில் ஒன்றுமில்லாமல் புதிதாக வந்தவர் கதி? அவருக்காகவே, கணக்குப் பார்க்காமல் யாரோ ஒருவருக்கு ஓர் இடம் உண்டு. 30 விநாடிக்கு ஒருமுறை அது கைமாறும். எனக்கு இந்த நிரலில் மிகப் பிடித்த இடம் இது. இரக்கம் மட்டுமல்ல, இன்னும் வேகமான கூட்டாளி அகப்படுவாரா என்ற நப்பாசையும் இதில் இருக்கிறது.

கோப்பு பல துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும். 256 கிலோபைட் பழைய வழக்கம். ஒவ்வொரு துண்டுக்கும் 20 பைட் நீளத்தில் ஒரு கைரேகை, டவுன்லோடைத் தொடங்க முதலில் வாங்கிக்கொள்ளும் சிறிய டொரன்ட் கோப்பில் முன்பே பதிவாகியிருக்கும். வந்த துண்டு அதோடு ஒத்துப்போகாவிட்டால் நிரல் அதைத் தூக்கி எறிந்துவிடும். ஆகவே அனுப்புகிறவரை நம்பவேண்டிய அவசியமே இல்லை.

எந்தத் துண்டை முதலில் கேட்பது? வரிசைப்படி கேட்டால் எல்லோரிடமும் முன்பகுதி குவிந்து, கடைசிப் பகுதி ஒரே ஒருவரிடம் மாட்டிக்கொள்ளும். அவர் கணினியை அணைத்தால் தீர்ந்தது. அதனால் மிகக் குறைவான பேரிடம் இருக்கும் துண்டையே நிரல் முதலில் தேடிப் பிடிக்கும். படத்தை டவுன்லோடு ஆக ஆகவே பார்க்க நினைப்பவருக்கு எரிச்சல்தான்.

யாரிடம் கோப்பு இருக்கிறது என்று சொல்ல முதலில் டிராக்கர் என்ற சர்வர் வேண்டியிருந்தது. 2005 முதல் அந்தப் பட்டியலையும் பயனர்களின் கணினிகளே பங்கிட்டு வைத்துக்கொள்கின்றன. ஆனாலும் முதன்முறை உள்ளே நுழைகிற கணினிக்கு யாராவது ஒருவருடைய முகவரி தெரிந்தாக வேண்டும். அதற்காக நிரலுக்குள் ஓரிரு நிலையான முகவரிகளை எழுதிவைப்பது இன்றும் வழக்கம்.