காலங்கடந்த பரீட்சை முடிவு

மத்திய சர்வகலாசாலைகளுக்கான பொது நுழைவுப் பரீட்சை 2024ம் வருஷம் மே மாதம் நடைபெற்றது. ஜூன் 30ந் தேதி வெளியாகுமென்று அறிவிக்கப்பட்டிருந்த முடிவு ஜூலை 28ந் தேதிதான் வெளிவந்தது. டில்லி சர்வகலாசாலையில் முதல் வருஷ வகுப்புக்கள் ஆகஸ்டு 29ந் தேதி ஆரம்பமாயின. புகார்களை விசாரித்து, ஆயிரம் பேருக்கு மேல் மறு பரீட்சை நடத்தவேண்டி நேர்ந்தது உண்மையே. நியாயத்தின் பொருட்டு ஏற்பட்ட தாமதத்தை நாம் குறைகூற முன்வரவில்லை. ஆனால் மே மாதத்துப் பிழைக்கு ஜூலை 19ந் தேதி வரை பரிகாரம் தேடாதிருந்ததேன்? இது முதல் தடவையுமன்று. 2022ல் முடிவு வந்தது செப்டம்பர் 16ந் தேதி! விண்ணப்பத்தை ஒரு நாள் பிந்தி அனுப்பும் மாணாக்கனிடம் அதிகாரிகள் இத்தகைய தாட்சண்யம் காட்டுவார்களா?

தனியார் கலாசாலைகளோ எவருக்காகவும் காத்திருப்பதில்லை. கையில் மதிப்பெண் இல்லாத பையனின் தகப்பனார் கடன் வாங்கி அங்கே ஓரிடத்தைப் பிடித்துவைக்கிறார். 2024ல், செப்டம்பர் 30ந் தேதிக்குள் விலகுவோருக்குக் கட்டணம் முழுவதையும் திருப்பித் தரவேண்டுமென்று சர்வகலாசாலை மானியக் குழுவினர் கட்டளையிட்டனர். நல்லதே. முதல் திரும்பலாம், வட்டியைக் கொடுப்பவர் யார்? கடன் வாங்கவும் வழியற்றவன் கதி என்ன?

முடிவு எத்தனை நாள் பிந்துகிறதோ அத்தனை நாள் ஏனைய கலாசாலைகளும் தங்கள் கட்டணக் கெடுவை நீட்டவேண்டுமென்று சர்க்கார் உத்தரவு பிறப்பிப்பது அவசியம். அவ்வுத்தரவு பரீட்சைக்கு முன்பே வரவேண்டும்.