நீங்கள் எழுதும் கோடை நாளைக்கு யார் திருத்துவார்? கேமரன் மலையிலிருந்து ஒரு பாடம், சில புத்தகங்கள்

தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து மேலே ஏறும் சாலையில் கேமரன் மலைக்குப் போயிருப்பீர்கள். ரிங்லெட் தாண்டியதும் தேயிலைத் தோட்டம் கண்ணில் படும். உடனே கைபேசி வெளியே வரும். செடிகள் எல்லாம் இடுப்பளவு உயரத்தில், ஒரே மட்டமாக, படத்துக்கென்றே வளர்த்ததுபோல் இருக்கும்.

ஆனால் ஒரு விஷயம் தெரியுமா? தேயிலை உண்மையில் மரமாக வளரக்கூடியது. அப்படியே விட்டால் பல மீட்டர் உயரத்துக்குப் போய்விடும். கொழுந்து கைக்கு எட்டாது. அதனால்தான் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியை வெட்டிக் கட்டையாக்குகிறார்கள். தோட்டத்தில் இதற்குப் பெயர் கவாத்து.

1929இல் ஜே. ஏ. ரசல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அந்தக் காலத்திலிருந்து இந்த மலைச்சரிவுகளில் நம் தாத்தா பாட்டிகள் கொழுந்து பறித்ததோடு கவாத்தும் வெட்டினார்கள். தேயிலையை நட்டது ஒருவர், பறிப்பது இன்னொருவர். நடுவில் யாரோ ஒருவர் ஒழுங்காக வெட்டிவிட்டதால்தான் செடி பல பத்தாண்டுகள் பலன் தருகிறது.

சரி, இதுக்கும் கோடிங்குக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது.

எழுதி முடித்தால் வேலை முடிந்ததா?

முடியாது. மலேசியாவில் நாம் எல்லாரும் பார்த்த ஓர் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம்.

2015 ஏப்ரல் 1: பொருள், சேவை வரியான ஜிஎஸ்டி வந்தது, 6 விழுக்காடு. 2018 ஜூன் 1: அது பூஜ்ஜியம் ஆனது. 2018 செப்டம்பர் 1: விற்பனை, சேவை வரியான எஸ்எஸ்டி திரும்பி வந்தது, சேவை வரி 6 விழுக்காடு. 2024 மார்ச் 1: சேவை வரி 8 விழுக்காடாக உயர்ந்தது. ஆனால் உணவு, பானம் போன்ற சில சேவைகளுக்கு மட்டும் 6 விழுக்காடே நீடித்தது.

பத்து ஆண்டுகூட ஆகவில்லை. நாலு மாற்றம்.

இப்போது தானா ராத்தாவில் சேவை வரி வசூலிக்கும் ஒரு ஹோட்டல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கேயே ஒரு சிறிய உணவகமும் உண்டு. பில் போடும் மென்பொருளை யாரோ ஒருவர் 2018இல் அவசர அவசரமாக எழுதிக் கொடுத்தார். அதில் இப்படி ஒரு வரி:

ம = வி * 1.06

இதே மாதிரி வரி நாற்பது இடத்தில் இருக்கிறது. எழுதியவர் வேலை மாறிப் போய்விட்டார். 2024 பிப்ரவரி கடைசியில் அந்தக் கோப்பு உங்கள் கைக்கு வருகிறது. என்ன பண்ணுவீங்க?

1.06 எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் 1.08 என்று ஒரே தட்டில் மாற்றினால்? அறை வாடகை சரியாக வரும். 300 ரிங்கிட் அறைக்கு வரி 24 ரிங்கிட். ஆனால் 20 ரிங்கிட்டுக்குத் தேநீரும் ஸ்கோனும் சாப்பிட்டவரிடம் 1 ரிங்கிட் 20 சென்னுக்குப் பதிலாக 1 ரிங்கிட் 60 சென் வாங்கிவிடுவீர்கள். ஒரு பில்லுக்கு 40 சென் தப்பு. யாராவது கவனித்துக் கேட்கும்வரை தினமும் தப்பு.

அதே வேலையைச் செய்யும் கோட் இப்படி இருந்திருந்தால்?

அறை_வரி_விகிதம் = 0.08
உணவு_வரி_விகிதம் = 0.06
மொத்தம் = விலை * (1 + அறை_வரி_விகிதம்)

(பைத்தான் 3இல் மாறிகளுக்கு இப்படித் தமிழிலேயே பெயர் வைக்கலாம்.)

மாற்ற வேண்டியது ஒரே ஓர் எண். எதை மாற்றுகிறோம் என்பதும் பெயரிலேயே தெரிகிறது. இரண்டு கோடும் 2018இல் ஒரே விடையைத்தான் கொடுத்திருக்கும். வித்தியாசம் தெரிய வந்ததே மாற்ற வேண்டிய நாளில்தான்.

புத்தகங்கள் என்ன சொல்கின்றன?

இந்தப் பிரச்சினை புதுசில்லை. 1974இலேயே கெர்னிகன், பிளாகர் என்ற இருவர் 'தி எலிமெண்ட்ஸ் ஆஃப் புரோகிராமிங் ஸ்டைல்' என்ற சிறிய புத்தகத்தை எழுதினார்கள். அவர்கள் செய்தது சுவாரசியமானது. அச்சில் வந்த பாடநூல்களிலிருந்தே நிரல்களை எடுத்து, எங்கே குழப்பம், எப்படித் திருத்தலாம் என்று காட்டினார்கள்.

அதன்பின் வந்தவற்றில் அதிகம் பேசப்படுபவை இவை:

'தி பிராக்மேட்டிக் புரோகிராமர்' (1999), ஆண்ட்ரூ ஹன்ட், டேவிட் தாமஸ். ஒரு தகவல் மென்பொருளில் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும் என்பது இதன் புகழ்பெற்ற பாடம். வரி விகிதம் நாற்பது இடத்தில் இருந்தது இதற்கு நேர் எதிர்.

'ரீஃபேக்டரிங்' (1999, இரண்டாம் பதிப்பு 2018), மார்ட்டின் ஃபவுலர். மென்பொருள் செய்யும் வேலை மாறாமல், உள்ளே இருக்கும் அமைப்பை மட்டும் சிறு சிறு படிகளாகச் சீர்செய்வது எப்படி என்று சொல்கிறது. கவாத்துக்கு மிக நெருக்கமான புத்தகம் இதுதான்.

'வொர்க்கிங் எஃபெக்டிவ்லி வித் லெகசி கோட்' (2004), மைக்கேல் ஃபெதர்ஸ். பழைய கோட் என்றால் என்ன? இவருக்கு வயது கணக்கில்லை. சோதனை, அதாவது டெஸ்ட், இல்லாத எந்தக் கோடும் லெகசி கோட்தான். நேற்று எழுதியதாக இருந்தாலும் சரி.

'கிளீன் கோட்' (2008), ராபர்ட் சி. மார்ட்டின். பெயர்கள் அர்த்தத்தோடு இருக்கட்டும், ஃபங்ஷன்கள் சின்னதாக இருக்கட்டும் என்கிறது.

'எ ஃபிலாசஃபி ஆஃப் சாஃப்ட்வேர் டிசைன்' (2018), ஜான் அவுஸ்டர்ஹவுட். மென்பொருளின் முதல் எதிரி சிக்கல்தான். அதை ஒரு பகுதிக்குள் அடக்கி, வெளியே எளிமையாகக் காட்டுங்கள் என்கிறது.

எல்லாரும் ஒரே கருத்தா?

இல்லை. இதுதான் இந்தப் புத்தகங்களைப் படிப்பதில் உள்ள சுவையே. ஃபங்ஷன்களை மிகச் சின்னதாக உடைக்கச் சொல்கிறார் மார்ட்டின். ரொம்பவும் உடைத்தால், ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள பத்து இடத்துக்கு ஓட வேண்டும் என்கிறார் அவுஸ்டர்ஹவுட். கமென்ட் எழுத வேண்டி வந்தால் கோடால் சொல்ல முடியாமல் போனதன் அடையாளம் என்று பார்க்கிறார் முன்னவர். கோடால் சொல்ல முடியாத காரணங்கள் எப்போதும் இருக்கும், அவற்றை எழுதியே வையுங்கள் என்கிறார் பின்னவர்.

அப்போ யார் சொல்வதைக் கேட்பது? நம் ஹோட்டல் உதாரணத்துக்கே வருவோம். 'அறை_வரி_விகிதம்' என்ற பெயர் என்ன என்பதைச் சொல்லிவிடும். ஆனால் உணவுக்கு மட்டும் ஏன் 6? அதைப் பெயர் சொல்லாது. '2024 மார்ச் 1 முதல் உணவு, பானத்துக்கு உயர்வு இல்லை' என்று ஒரு வரி கமென்ட் இருந்தால், அடுத்து வருபவர் அதைத் தப்பு என்று நினைத்துத் 'திருத்த' மாட்டார். இந்த இடத்தில் இருவர் சொல்வதும் தேவைப்படுகிறது.

வெட்டாமல் விட்டால் என்ன ஆகும்?

2012 ஆகஸ்ட் 1. அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் தன் மென்பொருளைப் புதுப்பித்தது. மொத்தம் எட்டு சர்வர்கள். ஒன்றில் மட்டும் புதிய கோட் ஏறவில்லை. அந்த ஒன்றில், 2003க்குப் பிறகு பயன்படுத்தாத ஒரு பழைய பகுதி நீக்கப்படாமல் அப்படியே கிடந்தது. அந்தப் பழைய பகுதியை இயக்கும் அதே சுவிட்சைத்தான் புதிய வசதிக்கும் பயன்படுத்தியிருந்தார்கள்.

சந்தை திறந்தது. செத்துப்போனதாக நினைத்த கோட் விழித்துக்கொண்டது. வேண்டாத ஆர்டர்களைக் கொட்டித் தள்ளியது. சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கும் மேல் நட்டம். நிறுவனம் தனித்து நிற்க முடியாமல் அடுத்த ஆண்டே வேறொன்றுடன் இணைந்தது.

காய்ந்த கிளையை வெட்டாமல் விட்டதற்குக் கொடுத்த விலை அது.

நம்மவர் உதாரணம் உண்டா?

உண்டு. மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் 1980களில் உருவாக்கத் தொடங்கிய 'முரசு' தமிழ் மென்பொருளை எண்ணிப் பாருங்கள். டாஸ் காலத்தில் தொடங்கியது. பிறகு விண்டோஸ் வந்தது. தமிழ் எழுத்துக் குறியீடுகள் மாறி மாறிக் கடைசியில் யூனிகோடு நிலைத்தது. கணினியிலிருந்து கைபேசிக்குத் தமிழ் நகர்ந்தபோது 'செல்லினம்' வந்தது. ஒருமுறை எழுதி மூடி வைத்திருந்தால் இத்தனை மாற்றத்தைத் தாண்டியிருக்க முடியாது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் யாரோ ஒருவர் பழையதைத் திறந்து படித்து, திருத்தி, மறுபடியும் ஓட வைக்க வேண்டும்.

இப்போதுதான் ஏஐ எழுதித் தருதே?

தருகிறது, வேகமாகவே தருகிறது. அதனால் படிக்க வேண்டிய கோடும் வேகமாகக் கூடுகிறது. அது போட்ட 1.06 உணவுக்கா, அறைக்கா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். பில் தப்பானால் வாடிக்கையாளர் ஏஐயிடம் போய்ச் சண்டை போட மாட்டார்.

எங்கிருந்து தொடங்கலாம்?

எல்லாப் புத்தகத்தையும் வாங்கி அடுக்க வேண்டாம். இப்போதுதான் கோடிங் பழகுபவர் என்றால் 'தி பிராக்மேட்டிக் புரோகிராமர்'. 2019இல் வந்த இருபதாம் ஆண்டுப் பதிப்பைத் தேடுங்கள். வேலையில் சேர்ந்து பிறர் எழுதியதோடு மல்லுக்கட்டுபவர் என்றால் ஃபெதர்ஸ், பிறகு ஃபவுலர். 'கிளீன் கோட்' படித்தால் அவுஸ்டர்ஹவுட்டையும் சேர்த்தே படியுங்கள். ஒருவரை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளாமல் இருக்க அது உதவும்.

புத்தகம் கையில் இல்லையா? இன்றைக்கே மூன்று வேலை செய்யலாம்.

ஒன்று: ஆறு மாதத்துக்கு முன் நீங்கள் எழுதிய கோடைத் திறந்து படியுங்கள். எந்த இடத்தில் உங்களுக்கே புரியவில்லையோ, அங்கே பெயர்களை மாற்றுங்கள்.

இரண்டு: மாற்றுவதற்கு முன் ஒரு சிறிய டெஸ்ட் எழுதுங்கள். 300 ரிங்கிட் அறைக்கு 324 வர வேண்டும். 20 ரிங்கிட் உணவுக்கு 21 ரிங்கிட் 20 சென் வர வேண்டும். இந்த இரண்டு வரி போதும், அவசரத்தில் எல்லாவற்றையும் 1.08 ஆக்கும் தப்பு உடனே மாட்டிக்கொள்ளும்.

மூன்று: பயன்படாத பகுதியைத் துணிந்து நீக்குங்கள். 'பிறகு தேவைப்படலாம்' என்று வைத்திருக்க வேண்டாம். கிட் போன்ற கருவியில் பழைய பிரதி பத்திரமாகவே இருக்கும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றி எழுதும் ஆசை வரும். அதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். தோட்டத்தில்கூட மலை முழுவதையும் ஒரே நாளில் கவாத்து வெட்டுவதில்லை. பகுதி பகுதியாகத்தான் வெட்டுவார்கள். வெட்டிய பகுதியில் சில மாதங்களுக்குக் கொழுந்து கிடைக்காது. மற்ற பகுதிகள் அந்த நேரத்தில் தோட்டத்தைக் காப்பாற்றும்.

வேலையிடத்தில் உங்கள் மேலதிகாரி கேட்கலாம்: "ஓடுற மென்பொருளை ஏன் தொடுற? இந்த வாரம் புதுசா என்ன செஞ்ச?" கேள்வி நியாயமானதுதான், ஏனென்றால் சீர்செய்வதற்கும் நேரம் செலவாகிறது. அப்போது அந்த நாற்பது 1.06களைக் காட்டுங்கள். அடுத்த முறை வரி மாறும்போது ஒரு நாள் வேலையா, ஒரு நிமிட வேலையா என்று அவரையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.